தேவையில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது: சேலம், ஏற்காடு சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலையிலும் உள்ள சபைகளிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் ஏழைகளுக்கு உதவும் பொறுப்பை ஏற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேதத்தில் என்ன இருக்கிறது என்பதும், செவ்வாய்ப்பேட்டையிலோ நாகலூரிலோ அதை எப்படிச் செய்வது என்பதும் கலந்தேதான் வரும்.

கொடுப்பது விசுவாசத்தின் பகுதியா, மனம் இருந்தால் செய்கிற நற்செயலா?

பகுதிதான். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் வயலின் ஓரத்தை முழுதாக அறுக்கக் கூடாது, சிந்தினதைப் பொறுக்கக் கூடாது, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்று இருக்கிறது. சொந்தக்காரன் இரக்கப்பட்டால் விடலாம் என்று அங்கே இல்லை. உபாகமம் 14:28-29-ல் மூன்றாம் வருடத்துத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட வேண்டும் என்கிறது. மத்தேயு 25-ல் நியாயத்தீர்ப்பே பசி, தாகம், உடை, நோய், சிறை என்ற கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

கொடுப்பதால் இரட்சிப்பு கிடைக்கும் என்று எந்தச் சபையும் போதிப்பதில்லை. ஆனால் குளிரில் நிற்கிறவனிடம் ‘குளிர்காய்ந்து கொள்’ என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியதை எந்தச் சபையும் கிழித்துப் போடவும் முடியாது.

ஆதிச் சபை இதை ஆராதனையோடேயே சேர்த்து வைத்திருந்தது. ரோமில் சுமார் கி.பி. 155-ல் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிய விளக்கத்தில், ஞாயிறு கூடுகையில் சேரும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்கு வந்த அந்நியருக்கும் போகிறது என்கிறார். கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியனே கி.பி. 362 வாக்கில், இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள் என்று புலம்பிக் கடிதம் எழுதினான்.

தசமபாகத்தைச் சபைக்குக் கொடுத்துவிட்டேன். ஏழைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா?

உங்கள் சபையின் ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். போதகர் சம்பளம், கட்டடம், மின்கட்டணம், மறைமாவட்டப் பங்கு எல்லாம் போக ஏழைகளுக்கென்று எவ்வளவு ஒதுங்குகிறது என்பது அதில் தெரியும். அது கணிசமாக இருந்தால் உங்கள் பங்கு அங்கேயே போய்ச் சேர்கிறது. கட்டடத்துக்கே எல்லாம் போகிறதென்றால் தனியாக ஒரு தொகை எடுத்து வைப்பது நல்லது. கணக்கைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா என்று தொடரும் கேள்விக்குப் புதிய ஏற்பாடு சதவீதமே சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 16:2 சொல்வது முறையை: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கபடி, முன்கூட்டியே எடுத்து வை. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சனிக்கிழமை கூலி வாங்குகிறவருக்கு இது அப்படியே பொருந்தும். மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்று வைத்தால் மிஞ்சாது.

எனக்கே கடன் இருக்கிறது. நானும் கொடுக்க வேண்டுமா?

வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். நகையை அடகு வைத்தும் போடாதீர்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று தேவனுக்குக் காணிக்கையாக்கித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்ட பகுதி மாற்கு 7-ல் இருக்கிறது. அம்மாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கன்வென்ஷனில் காணிக்கை போடுவது அந்த ரகம்.

பணம் இல்லாதவர் கொடுக்கக் கூடியதைப் பற்றிக் கடைசியில் சொல்லியிருக்கிறோம். அதற்குத்தான் ஆள் தட்டுப்பாடே.

ஆயிரம் கொடுத்தால் நூறு மடங்கு திரும்ப வரும் என்கிறார்களே?

தசமபாகத்தைக் கொண்டுவந்தால் இடங்கொள்ளாத ஆசீர்வாதம் தருவேன் என்கிற மல்கியா 3:10-ஐ அப்படிப் பிரசங்கிக்கிறவர்கள், அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தையும் வாசிக்கலாம். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமான வசனம் அது.

பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தை எங்கள் பெண்கள் சங்கத்தில் மறுபடி தொடங்க நினைக்கிறோம். எப்படி?

நல்ல வழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு, மாதம் ஒருமுறை சபையில் சேர்ப்பது. ஒரு பிடி சுமார் 45 கிராம். இரண்டு வேளைக்கு 90 கிராம், முப்பது நாளைக்கு 2 கிலோ 700 கிராம். நாற்பது குடும்பம் சேர்ந்தால் மாதம் 108 கிலோ. வயதானவர்கள் மட்டும் இருக்கும் பத்து வீடுகளுக்குத் தலா 10 கிலோ போக மீதியும் இருக்கும்.

தொடங்கிய சில மாதங்களில் இது நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அரிசிதான். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிடுவார்கள். ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். வாங்கியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கோழிக்குப் போட்டுவிடுவார்கள். அடுத்தது வண்டு. மூன்று மாதம் டப்பாவிலேயே கிடந்த அரிசி ஒன்று வந்து சேர்ந்தால் சாக்கு முழுக்கப் பரவும்.

ஆகவே மூன்று சாக்கு வையுங்கள்: புழுங்கல், பச்சை, ரேஷன். டப்பா ஈரமில்லாமல், மூடி இறுக்கமாக இருக்கட்டும். இரண்டு துண்டு வசம்பு போட்டு வைக்கச் சொல்லுங்கள். மாதம் தவறாமல் வாங்கிவிடுங்கள். வந்ததை உடனே சல்லடையில் சலித்து, வெயிலில் ஒரு பகல் உலர்த்துங்கள். கலந்துவிட்ட அரிசியை யாருக்கும் சோற்றுக்குக் கொடுக்காதீர்கள். அரைத்துக் கஞ்சி மாவாக்கலாம், அல்லது விற்று அந்தப் பணத்தில் பருப்பு வாங்கலாம்.

மாதாந்திர மளிகைப் பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

பெரும்பாலான சபைகள் 10 கிலோ அரிசியும் 1 கிலோ சர்க்கரையும் வைக்கின்றன. குடும்ப அட்டை உள்ள வீட்டில் அரிசி ஏற்கெனவே இருக்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர் கிடைக்கின்றன. குறைவது பருப்பு, பயறு, நல்ல எண்ணெய், சோப்பு. ஆகவே முதல் கேள்வி: அட்டை இருக்கிறதா, எந்த வகை அட்டை?

அட்டை இருக்கும் நால்வர் குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு ஓரளவு தாங்கும் பை இது. துவரம் பருப்பு 1 கிலோ, பாசிப்பயறு 1 கிலோ, கொண்டைக்கடலை 1 கிலோ, வறுக்காத நிலக்கடலை 1 கிலோ, ராகி மாவு 2 கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர், உளுந்து 1 கிலோ, வெல்லம் அரை கிலோ, புளி கால் கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம், உப்பு 1 கிலோ, குளியல் சோப்பு 3, துணி சோப்பு 3. வயதுக்கு வந்த பெண்கள் இருந்தால் நாப்கின் பாக்கெட் 2, தனிக் காகிதத்தில் சுற்றி. பொருளைச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தமாக வாங்கி நீங்களே பிரித்துக் கட்டினால், சில்லறைக் கடையை விடச் செலவு குறையும். ஆனால் மிளகாய்த்தூளையும் எண்ணெயையும் உதிரியாக வாங்காதீர்கள், அடைத்து முத்திரையிட்டதாகவே வாங்குங்கள். கலப்படம் அதிகம் நடக்கிற இடங்கள் அவை.

அட்டையே இல்லாத குடும்பம் என்றால் அரிசியும் சேருங்கள். அதோடு நிறுத்தினால் அடுத்த மாதமும் அதே நிலைதான். இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். ஆதாரில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு முகவரி என்பதே வழக்கமான முட்டுக்கட்டை.

அரசு மருத்துவமனையில் நோயாளியோடு தங்கியிருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தர்மபுரி, நாமக்கல் பக்கமிருந்தும் மலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உள்நோயாளிக்கு உணவு வார்டிலேயே கிடைக்கும். கூட இருப்பவர் வெளியே வாங்கித்தான் சாப்பிட வேண்டும். ஆகவே நல்ல வேலைதான். ஆனால் உள்ளே விநியோகிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நோயாளிக்கு நேரடியாக எதையும் ஊட்டக் கொடுக்கக் கூடாது. அறுவைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னவருக்குச் சாதம் போய்ச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நூறு பேருக்குத் தக்காளி சாதம் என்றால் அரிசி 10 கிலோ, தக்காளி 5 கிலோ, பெரிய வெங்காயம் 3 கிலோ, எண்ணெய் ஒன்றேகால் லிட்டர். கூட ஒரு அவித்த முட்டை வைத்தால் வயிறு தாங்கும். சாம்பார் சாதம் என்றால் துவரம் பருப்பு இரண்டரை கிலோ, காய் 6 கிலோ.

கெட்டுப்போவது எங்கே? கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டி, கூடையில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடுவதில். உள்ளே வியர்த்து, ஒருபோதும் சூடாகவும் இல்லாமல் ஆறவும் இல்லாமல் மணிக்கணக்கில் கிடக்கும். வெந்த சோற்றில் பிழைத்திருக்கும் பாக்டீரியா வித்துகள் அந்த வெதுவெதுப்பில்தான் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. எட்டு மணிக்குச் சமைத்து ஒரு மணிக்குக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பதினொன்றுக்கு இறக்கி, தடித்த பாத்திரத்தில் மூடிச் சூடாகவே கொண்டுபோய், அங்கேயே பரிமாறி, பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் என்பது கோடு. மே மாத வெயிலில் தயிர்சாதம் வேண்டாம். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் ஓரளவு தாங்கும்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு, அல்லது அவரவர் பாத்திரம். தொடர்ந்து விநியோகிக்கிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சமயக் கூட்டங்களில் உணவு வழங்குவதும் அந்த விதிக்குள் வரும்.

சாப்பாடு கொடுக்க ஏற்கெனவே பலர் வருகிறார்கள். ஒரே நாளில் மூன்று குழு வந்து, மறுநாள் ஒருவரும் வராமல் போவதும் உண்டு. யார் எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். திடீரென்று சேர்க்கப்பட்ட நோயாளியோடு வெறுங்கையாக ஓடி வந்தவருக்குச் சாப்பாட்டைவிட முதலில் தேவைப்படுவது ஒரு பாய், ஒரு போர்வை, பிளாஸ்க், வாளி, மக்கு, சோப்பு, போன் சார்ஜர், ஊருக்குப் போய்வர பஸ் காசு. இதை ஒரு பையாகக் கட்டி வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுக் கொடுக்கும் சபை நகரத்துக்கு இன்னும் இரண்டு மூன்று இருந்தாலும் போதாது.

டிசம்பரில் ஏற்காட்டுக்குப் போய்ப் போர்வை கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.

கொடுக்கலாம். ஆனால் டிசம்பரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போர்வை கொடுக்க வருகிறவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. பஸ் நிலையத்துக்கும் ஏரிக்கும் பக்கத்தில் உள்ள குடியிருப்புகளில் ஒரே வீட்டுக்கு மூன்று போர்வை சேர்கிறது. மலையில் உள்ள வேலூர், மாரமங்கலம், கொட்டச்சேடு பக்கம் உள்ள சிற்றூர்களுக்கு வண்டி போவதில்லை. உள்ளூர்ப் பங்கிலோ சபையிலோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ எந்த ஊருக்கு இந்த வருடம் யாரும் வரவில்லை என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். எடை குறைந்த போர்வை ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. இரண்டு பேருக்கு ஒன்று என்றாலும் கனமானதாக வாங்குங்கள்.

இன்னொன்று. காப்பித் தோட்ட வேலைக்கு ஒரு பருவ ஓட்டம் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு; கையில் கூலி புழங்குகிற காலம் அது. பறிப்பும் மிளகும் முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் வேலை நாள் குறையும். அதைத் தொட்டு ஜூனில் பள்ளி, கல்லூரி திறக்கும், மழையும் தொடங்கும். மலையில் கடன் வாங்கும் மாதங்கள் அவை. நம் உதவியோ கிறிஸ்துமஸ் மாதத்தில் குவிந்து ஜனவரி முதல் வாரத்தோடு வற்றிவிடுகிறது. நம் காலண்டரைப் பார்த்துக் கொடுக்கிறோம், அவர்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை. டிசம்பர் வசூலில் பாதியை வங்கியில் போட்டு ஜூனில் எடுக்கலாம் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டாலே போதும். பணம் கூடத் தேவையில்லை.

ஜூனில் எதற்கு? அரசுப் பள்ளியில் புத்தகமும் சீருடையும் சாப்பாடும் விலையில்லாமல் கிடைக்கின்றன. அங்கே நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, பிளஸ் டூ முடித்துச் சேலத்துக்கோ ஆத்தூருக்கோ கல்லூரிக்கு இறங்கும் பிள்ளையைப் பாருங்கள். விடுதி முன்பணம், முதல் மாத மெஸ், பஸ் கட்டணம், ஒரு ஜோடிச் செருப்பு. இந்த முதல் இரண்டு மாதத்தைத் தாண்ட முடியாமல் திரும்பி மலையேறுகிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆனால் அது சேர்ந்த பிறகுதான் வரும். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும். விசாரணை முடிய நாளாகும். பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வைப்பது ஒரு வருடக் கட்டணத்துக்குச் சமம்.

ஐந்து ரோடு சிக்னலில், பஸ் நிலையத்தில் கை நீட்டுகிறவர்களுக்குக் கொடுக்கலாமா? குடிக்கத்தானே போகிறது?

முதல் நூற்றாண்டின் முடிவையொட்டிய ‘திதாகே’ என்ற சபை ஒழுங்கு நூலில், கேட்கிற எவனுக்கும் கொடு என்ற வரியும், யாருக்குக் கொடுக்கிறாய் என்று அறியும்வரை உன் தர்மம் உன் கையிலேயே வியர்க்கட்டும் என்ற வரியும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. இரண்டும் தேவை. சிறிய தொகைக்கு முதல் வரி, பெரிய தொகைக்கு இரண்டாவது வரி என்று வைத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் ஏமாறுவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கைக்குழந்தையோடு, அல்லது குழந்தையே வந்து கேட்டால் பணம் வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். காசு விழும் இடத்தில்தான் குழந்தையை நிறுத்துவார்கள். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567. மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடத்துக்கு வர விருப்பமா என்று அவரிடம் கேட்டுவிட்டு ஏற்பாடு செய்யுங்கள். கேட்காமல் வண்டியில் ஏற்றினால் மறுநாளே அதே இடத்தில் இருப்பார்.

ஒரு குடும்பத்துக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டுக்குப் போங்கள், இருவராக. 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசனாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை கத்தோலிக்கப் பங்குகளில் இன்றும் அப்படித்தான் செய்கிறது: இருவராக வீடு சந்திப்பு, வாராந்திரக் கூட்டம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாத இரகசியப் பை. மற்றச் சபையார் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

போனவுடன் குறிப்பேட்டை விரிக்காதீர்கள். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். கொடுக்க முடிந்தவர்களாக அவர்களை உட்கார வைப்பது அந்த டம்ளர்தான். பிறகு கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், இந்த வாரம் யாருக்கு வேலை இருந்தது, வாரக் கடன் எவ்வளவு கட்டுகிறீர்கள், மருந்து யாருக்கு ஓடுகிறது, உறவில் யார் உதவுவார்கள். கடைசிக் கேள்வி 1 தீமோத்தேயு 5-லிருந்து வருகிறது. பார்க்கக் கூடிய பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள் என்கிறது அது. டிவி இருக்கிறதே, செல்போன் இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். டிவி அரசு கொடுத்ததாக இருக்கும். போன் இல்லாவிட்டால் வேலைக்குக் கூப்பிட ஆளில்லை.

வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ இந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். அது மனதில்லாதவனுக்குச் சொன்னது. தறி நின்றுபோனவருக்குச் சொன்னதில்லை.

கந்துவட்டியில் மாட்டியிருக்கிறார்கள். சபை கடனை அடைக்கலாமா?

முதலில் தாளில் எழுதுங்கள். தினவசூல் கடன் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 10,000 என்று பெயர், கைக்கு வருவது 8,500, நாளுக்கு 100 வீதம் 100 நாள். பிடித்தது 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மகளிர் குழுக் கடன் என்று குடும்பத்துக்குள் நான்கைந்து கடன் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். மொத்தத்தையும் பார்க்காமல் சத்தம் போடுகிற ஒன்றை மட்டும் அடைத்தால், மீதி அப்படியே இருந்து ஆறு மாதத்தில் புதிதாக ஒன்று முளைக்கும்.

பட்டியலைப் போட்டபின் வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். பணத்தைக் கடன் வாங்கியவர் கையில் கொடுக்காமல், அவரோடு கூடவே போய் அடைத்து, கையெழுத்திட்ட வெற்றுத் தாள், காசோலை, ஏ.டி.எம். அட்டை எதை வாங்கி வைத்திருந்தாலும் அதைத் திரும்பப் பெறுங்கள். மிரட்டல் இருந்தால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100.

யாத்திராகமம் 22:25 ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்காதே என்கிறது. வட்டியில்லாச் சுழல் நிதி வைக்கும் சபைகள் சில விதிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். உறுப்பினர்களிடம் வைப்புத்தொகை வாங்காதீர்கள், அது வேறு சட்டத்துக்குள் போய்விடும். நிதி முழுக்க நன்கொடையாகவே இருக்கட்டும். ஒருவருக்கு நிதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். திரும்பி வராததை ஆண்டு முடிவில் தானமாக எழுதிவிடுங்கள். பாக்கிக்காரர் பெயரை அறிவிப்பில் வாசிக்காதீர்கள். வாசித்தால் அந்தக் குடும்பம் ஆலயத்துக்கே வருவதை நிறுத்திவிடும், பணமும் வராது.

படம் எடுக்கலாமா? நன்கொடையாளர்கள் கேட்கிறார்களே.

பைகளைப் படம் எடுங்கள், முகத்தை வேண்டாம். மளிகைக் கடை ரசீதும், கையெழுத்துப் பட்டியலைப் பொருளாளர் சரிபார்த்த குறிப்பும் போதுமான சான்று. மத்தேயு 6:3-ல் வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்றிருக்க, நாம் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சொல்கிறோம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். குறைந்தது அந்த ஏலப் பணத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கு என்று முன்பே அறிவிக்கலாம்.

நம் சபையாருக்கு முதலிடமா? மற்ற மதத்தாருக்கும் கொடுக்கலாமா?

கலாத்தியர் 6:10 ‘யாவருக்கும்’ என்று தொடங்கி, விசுவாச குடும்பத்தாருக்கு விசேஷமாக என்கிறது. நல்ல சமாரியன் காயம்பட்டவனின் சபையையோ சாதியையோ விசாரிக்கவில்லை. நம் ஊரில் இதைச் சொல்லத்தான் வேண்டும்: சபை உதவி என்ற பெயரில் ஒரே சாதிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் பணம் கொஞ்சம் இல்லை. பட்டியலை எடுத்து வைத்து, எந்தத் தெருவே அதில் இல்லை என்று பாருங்கள்.

நிபந்தனை எதுவும் வைக்காதீர்கள். ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் பை என்பதும், பையோடு கைப்பிரதியைத் திணிப்பதும் வேண்டாம். பசித்தவர் சொல்லும் ‘ஆமென்’னுக்கு மதிப்பில்லை, அவருக்கும் அது அவமானம்.

உதவிக் கமிட்டியில் யார் யார் இருக்க வேண்டும்?

அப்போஸ்தலர் 6-ஐ நிதானமாக வாசியுங்கள். சபையின் முதல் நிர்வாகப் புகாரே பந்தி விசாரணையில், அதாவது தினசரி உணவு பகிர்வதில் வந்தது: கிரேக்க மொழி பேசிய விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று. ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் புகார் சொன்னார்களோ அவர்கள் பக்கத்திலேயே பொறுப்பு போனது. அடிவாரத்துக் காலனியிலிருந்து புகார் வந்தால் அங்கிருந்து ஒருவரைக் கமிட்டியில் சேருங்கள். ஏற்கெனவே உதவி பெற்ற பெண் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கணக்கு, ரசீது, வரிவிலக்கு?

காணிக்கையை எண்ணுவது இருவர், வங்கியில் கையெழுத்து இருவர், தணிக்கை வேறு ஒருவர். எருசலேம் ஏழைகளுக்காக வசூலித்த பணத்தைப் பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் நியமித்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார், காரணத்தையும் 2 கொரிந்தியர் 8:20-21-ல் எழுதி வைத்தார்.

80ஜி விலக்கு என்று பழகிய வருமான வரிச் சலுகை, அந்தப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் நன்கொடையை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சபைக் கணக்கில் வாங்கக் கூடாது. தொகை சின்னது என்பது சாக்கு ஆகாது.

பழைய துணி?

துவைத்து, பட்டன் வைத்து, நீங்கள் உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவீர்களா என்று பார்த்து, பிறகு. புடவையோடு அளவுக்கேற்ற ஜாக்கெட்டும் பாவாடையும் இல்லாவிட்டால் அது பயன்படாது. உள்ளாடை புதிதாக மட்டும். சுனாமி நேரத்தில் கடற்கரை ஊர்களின் சாலையோரம் குவிந்து மட்கிய பழந்துணியை அள்ளவே ஆள் போட வேண்டியிருந்தது.

பணம் இல்லை, நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

இரத்தம் கொடுங்கள். 18 முதல் 65 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கோடை விடுமுறையில் கல்லூரி முகாம்கள் நின்றுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் போவது பயனுள்ளது.

கூடப் போங்கள். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஆதரவற்ற பாட்டி ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுத்தால், எந்தச் சபையும் கொடுக்க முடியாத 14,400 ரூபாய் வருடா வருடம் அவர் கைக்கு வரும். அதற்கு வேண்டியது ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, இ-சேவையில் ஒரு பகல், பிறகு வருவாய் ஆய்வாளர் வரும்போது பக்கத்தில் நிற்க ஒரு ஆள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் இதேதான்: ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்ற சான்றை வாங்கி, நோய் வருவதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

சிறையை யாரும் நினைப்பதில்லை. சேலம் மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருப்பவரின் மனைவிக்கு வழக்கறிஞர் யாரென்றே தெரியாமல் இருக்கும். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மனு எழுதிக் கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும். போகும்போது வழக்கு எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் போனால் மறுநாள் வரச் சொல்வார்கள்.